சினிமாவையே கிண்டலடிக்கும் சினிமா: வாசகர் கேள்விகள்

கேள்வி: சினிமா உலகத்தைக் கேலி செய்து தமிழில் வந்த படங்களில் உங்கள் மனதில் முதலிடம் எதற்கு?

பதில்: சந்தேகமே இல்லாமல் ‘காதலிக்க நேரமில்லை’. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த அந்தப் படத்தைப் பலரும் காதல் கதையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது செல்லப்பாவின் படம். நாகேஷ் நடித்த அந்தச் செல்லப்பா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்துவிட்டுப் படம் எடுக்கத் துடிக்கிறான். கையில் காசு கிடையாது. காசு இருப்பது அப்பா பாலையாவிடம். அவருக்கோ கொடுக்க மனசில்லை. முதலில் பேனர், அப்புறம் கதாநாயகி, அப்புறம் பைனான்ஸ், கதையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற இந்த வரிசை, படக் கம்பெனிகளில் ஏறி இறங்கிய எவருக்கும் பழக்கமானது.

அப்பாவை உட்கார வைத்து செல்லப்பா பேய்க்கதை சொல்லும் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அசந்துபோவேன். பல வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கண்ணைவிடக் காதுதான் முந்திக்கொள்ளும். கதை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமே இல்லை. சத்தம்தான் கதை. கதவும் காலடியும் நாகேஷின் வாயிலிருந்தே புறப்படுகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது, ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளியைக் கவனியுங்கள். பாலையாவின் முகத்தில் பீதி ஏறுவது அங்கேதான். தமிழ் சினிமாவில் வாய்ப்பு கேட்டுக் கதை சொல்லப் போகிற ஒவ்வொருவரும் செய்வது இதைத்தான்: இல்லாத படத்தை எதிராளியின் கண்முன் ஓட்டிக் காட்டுவது. அந்தத் திறமையையும் அதிலிருக்கும் வேடிக்கையையும் சில நிமிடங்களில் இரண்டு மகா கலைஞர்கள் காட்டிவிட்டார்கள். 1966-ல் ஸ்ரீதரே இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இந்தக் காட்சியைச் செய்தார்கள். அதுவும் நன்றாக இருக்கும். ஆனால் பாலையா பாலையாதான்.

அதே 1964-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ படத்தில், ஓட்டல் சர்வராக இருந்து நட்சத்திரம் ஆகிறவராக நாகேஷ் வருகிறார். ‘அவளுக்கென்ன’ பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசைக்குழுவை நடத்துவதையும், டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுவதையும் அப்படியே காட்டுவார்கள். ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார்களே, அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் இந்த வகைப் படம் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால்?

பதில்: ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ (1952). ஊமைப்படக் காலம் முடிந்து பேசும்படம் வந்தபோது ஹாலிவுட் பட்ட பாடுதான் கதை. நட்சத்திர நடிகை லீனாவுக்குக் கீச்சுக்குரல். அவள் பேசுவதைப் பதிவு செய்ய மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் வசனம் பாதி காணாமல் போகிறது. சரி என்று உடையில் மைக்கைப் பொருத்தினால் இதயத்துடிப்பு கேட்கிறது! இவை அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்கள் உண்மையாகவே அனுபவித்த சங்கடங்கள்.

இன்னொரு சங்கதி. கதைப்படி லீனாவுக்குக் கேத்தி என்ற பெண் பின்னணிக் குரல் கொடுக்கிறாள். கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால் கேத்தி வசனம் பேசிப் பதிவு செய்யும் காட்சியில் நாம் கேட்பது, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! அவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு படம் முழுக்கக் கீச்சென்று பேசியிருக்கிறார். குரல் கொடுப்பவருக்குப் பெயர் கிடைக்காத அநியாயத்தைச் சொல்லும் படத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. டப்பிங் கலைஞர்களோடு வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு இது மனதை உறுத்தும்.

கேள்வி: ‘தமிழ்ப்படம்’ மற்றவர்களின் உழைப்பைக் கொச்சைப்படுத்தவில்லையா?

பதில்: இல்லை. சி.எஸ்.அமுதன் 2010-ல் எடுத்த அந்தப் படம் கேலி செய்தது தேய்ந்துபோன வழக்கங்களைத்தான். சைக்கிள் மிதித்தபடியே பையன் வாலிபனாவது, ஒரே பாட்டில் பணக்காரனாவது எல்லாம் பலரும் திரும்பத் திரும்பச் செய்தவை. ‘கருத்தம்மா’வில் நடித்த பெரியார்தாசனே இதிலும் வந்து தன் பாத்திரத்தைப் பகடி செய்தார். பழைய படங்களை ஆசை ஆசையாகப் பார்த்த ஒருவரால்தான் அப்படி எடுக்க முடியும்.

கேள்வி: கதைத் திருட்டைப் பற்றி நகைச்சுவைப் படம் உண்டா?

பதில்: மலையாளத்தில் ‘உதயனாணு தாரம்’ (2005). இயக்குநராகத் துடிக்கும் உதயனின் கதையை நண்பனே திருடி நட்சத்திரமாகிவிடுகிறான். திரைக்கதை எழுதிய ஸ்ரீனிவாசனே அந்தத் திருடனாகவும் நடித்தார். தமிழில் 2008-ல் ‘வெள்ளித்திரை’ என்று வந்தது. மலையாளத்தையே பாருங்கள்.

கேள்வி: நான் உதவி இயக்குநர். சினிமாத் தொழிலைக் கிண்டல் செய்யும் கதை ஒன்று வைத்திருக்கிறேன். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. 1941-லேயே ஹாலிவுட் இயக்குநர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் ‘சல்லிவன்ஸ் டிராவல்ஸ்’ எடுத்தார். ஏழைகளின் துயரத்தைப் படமாக்கத் துடிக்கிற இயக்குநரிடம், ‘கொஞ்சம் கவர்ச்சியும் இருக்கட்டும்’ என்று முதலாளிகள் விடாமல் நச்சரிப்பார்கள். அதற்குப் பணம் போட்டதே பாரமவுண்ட் என்ற பெரிய கம்பெனிதான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லைட்மேனையும் துணை நடிகர்களையும் வாய்ப்பு தேடி வரும் பிள்ளைகளையும் கேலிப் பொருளாக்காதீர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஏற்கனவே ஆள் நிறைய இருக்கிறார்கள். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். எழுதி முடித்த கதையைத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு, அப்புறம் சொல்லப் போங்கள்.