பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

கேள்வி: வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறோம். அவர்களுடைய ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் எல்லாம் வீட்டு கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப். புதியது வாங்கினால் இதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, ‘நாங்களே ஃபார்மட் அடித்துவிடுவோம்’ என்கிறார் கடைக்காரர். நம்பிக் கொடுக்கலாமா? கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லித் திரையின் மூலையில் அடிக்கடி விளம்பரமும் வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். மூலையில் எட்டிப் பார்க்கும் அந்த விளம்பரம் பெரும்பாலும், எப்போதோ ஒரு வெப்சைட்டில் ‘அலோ’ கொடுத்ததால் வருவது. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்த சைட்டை நீக்கினால் நின்றுவிடும். குப்பை ஃபைல்களை அகற்ற விண்டோஸிலேயே வசதி உண்டு.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். சிக்கல் ஃபார்மட்டில் இருக்கிறது. அவசரத்தில் எல்லோரும் அடிப்பது குவிக் ஃபார்மட். அது ஃபைல்களின் பட்டியலைத்தான் அழிக்கும். உள்ளே இருப்பது, அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் ரெகவரி சாஃப்ட்வேரே அதை வெளியே இழுத்துவிடும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும் இதே கதைதான்.

அதனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் இரண்டு கேபிள், சில ஸ்க்ரூ, அவ்வளவுதான். கடையிலேயே உங்கள் எதிரில் கழற்றித் தரச் சொல்லலாம். விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், குறைக்கட்டும். பழைய டிஸ்க்குக்குக் கிடைக்கும் காசு பெரிதா, யாரோ ஒரு நோயாளியின் பாஸ்போர்ட் நகல் பெரிதா?

டிஸ்க்கோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, கூடவே ‘கிளீன் டேட்டா’வையும், டி டிரைவ் போல வேறு டிரைவும் இருந்தால் எல்லா டிரைவையும் அழிக்கும் ஆப்ஷனையும் ஆன் செய்யுங்கள். இது டிஸ்க் முழுவதையும் மேலெழுதுவதால் பல மணி நேரம் ஓடும். கரன்ட் போய்ப் போய் வரும் நாளில், யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரே ஆதார் (1), (2), (3) என்று வால் முளைத்துக் கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. ஆளைத் தெரிந்தவருக்கு அது ஒரு பூட்டே இல்லை. இனி வருபவர்களிடம், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கேட்டு வாங்குங்கள். காலி செய்து போனவர்களின் நகல்களில், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை போக மீதியை அழித்துவிடலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்த தகவலை அழிக்கத்தான் சொல்கிறது.

அப்புறம், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள். கூகுள் கணக்கிலிருந்து அந்த மெஷினை நீக்குங்கள். வாட்ஸ்அப் வெப்பை ஃபோனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ வழியாக லாக்அவுட் செய்யுங்கள்.

மெஷினை மாற்றுவது சரியான முடிவுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிய கம்ப்யூட்டரில், டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். அது ஆனில் இருந்தால், மெஷினே திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிப்பது கஷ்டம். அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணான ரெகவரி கீயை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் நீங்களே உள்ளே போக முடியாமல் போகலாம்.

பில்லில் பழைய மெஷினின் சீரியல் நம்பரையும், ‘ஹார்ட் டிஸ்க் இல்லாமல் பெறப்பட்டது’ என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொண்ட எக்ஸ்சேஞ்ச் தொகையில் பிறகு தகராறு செய்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்ல அந்த பில் வேண்டியிருக்கும்.