தத்து ஆணையில் ஒரு பெயருக்குத்தான் இடம்

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. நானும் என் தோழியும் ஆறு வருடமாக இணையர்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஆசை. 'ரூம்மேட் என்று சொல்லி ஒருவர் பெயரில் பதிந்துவிடுங்கள்' என்கிறார்கள் நண்பர்கள். 1958-இல் பிறந்த என் அப்பா பகுத்தறிவாளர். தாத்தா, பாட்டிக்கு 1955-இல் நடந்தது சுயமரியாதைத் திருமணம். அவரே, 'உங்கள் இருவரையும் பொறுத்துக்கொள்கிறேன், ஒரு குழந்தையை இதில் இழுக்காதீர்கள்' என்கிறார். என்ன வழி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் சட்டம். அப்பாவிடம் பிறகு வருகிறேன்.

இருவரும் சேர்ந்து தத்தெடுக்க இன்று வழியில்லை. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் 2022-ஆம் ஆண்டு விதி 5(3), தம்பதி என்றால் குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை கேட்கிறது. ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்த சுப்ரியோ வழக்கில் (17 அக்டோபர் 2023), ஐந்து நீதிபதிகளில் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் இந்த விதி பாகுபாடானது என்றார்கள். மற்ற மூவர் அதில் கைவைக்க மறுத்தார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன.

தனிப் பெண்ணாக நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் எந்தக் குழந்தையும் தருவார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தனி ஆளுக்கு உச்ச வயது 40. ஆனால் திருமணம் செய்யாமல் துணையோடு வாழ்பவரின் தனி விண்ணப்பத்தை ஏற்க வேண்டாம் என்று 2022 ஜூனில் 'காரா' ஒரு சுற்றறிக்கை விட்டது. அதையும் அந்த மூவர் ரத்து செய்யவில்லை. இதைத் தாண்டத்தான் உங்கள் நண்பர்கள் 'ரூம்மேட்' யோசனை சொல்கிறார்கள். வேண்டாம். வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் பீரோவைத் திறந்து பார்க்கமாட்டார். காபி குடித்துக்கொண்டே, குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் விழித்திருப்பீர்கள் என்று கேட்பார். அங்கே பொய் சொல்லிக் குழந்தையை வாங்கினால், பின்னாளில் ஒரு மொட்டைக் கடுதாசி போதும், ஆணையே வழக்குக்குப் போய்விடும்.

இன்னொரு பாதை, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம். மணமாகாத இந்துப் பெண் தத்தெடுக்கலாம். சொந்தத்தில் ஒரு குழந்தையை அதன் பெற்றோரே மனமுவந்து கொடுத்தால், கொடுத்து வாங்கும் நிகழ்வை முறையாக நடத்திப் பத்திரம் பதியலாம். குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது; பையன் என்றால் உங்களுக்கும் அவனுக்கும் 21 வயது இடைவெளி வேண்டும். இங்கும் ஒரே குழந்தையை இருவர் ஒருசேரத் தத்தெடுக்க முடியாது. 'ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் இருக்கிறார்' என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது குழந்தை விற்பனை, ஜெயில்தான்.

எப்படிப் பார்த்தாலும் உங்கள் தோழி சட்டத்தின் கண்ணில் அந்நியர். ஆகவே காகிதங்களைச் சரி செய்யுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தைக்குக் காப்பாளராக அவரையே விரும்புவதாக உயிலில் எழுதுங்கள். அது முடிந்த முடிவல்ல. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் குழந்தையின் நலனைத்தான் பார்க்கும். ஆனாலும் தாயின் கையெழுத்தோடு போய் நிற்பது வேறு, வெறுங்கையோடு நிற்பது வேறு. தன் காலத்துக்குப் பிறகு சொத்து குழந்தைக்குப் போக வேண்டுமென்றால் தோழியும் உயில் எழுத வேண்டும், ஏனென்றால் சட்டப்படி குழந்தை அவருக்கு வாரிசு ஆகாது. கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினிக்கும் தடை இல்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. மேலாளர் இழுத்தடித்தால் அதைக் காட்டுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதே சிக்கல் வந்தது. இரு பெண்கள் இரண்டு குழந்தைகளை வளர்த்தார்கள். தத்து ஒருவர் பெயரில் மட்டும். இருவரில் ஒருவர் நீதிபதி, அவருக்கே அந்த நிலை! 2002-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தடை குழந்தையின் நலனுக்கே எதிரானது என்று கூட்டுத் தத்துக்கு வழிவிட்டது.

இனி அப்பா. வெயிலைப் பொறுத்துக்கொள்கிறோம், பல்வலியைப் பொறுத்துக்கொள்கிறோம். மகளையுமா? அவர் சொல்வது குழந்தை மீதுள்ள அக்கறையால்தான் என்று நம்புகிறேன். அவரிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 1958-இல் பிறந்த உங்கள் அப்பா, முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளை. அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லத்தக்கதாக்கியபோது அவருக்கு ஒன்பது வயது. தாத்தாவும் பாட்டியும் சட்டம் வரட்டும் என்று அவரைப் பெறாமல் காத்திருக்கவில்லை. 'ஊர் என்ன சொல்லும், குழந்தை பாவம்' என்று அன்றும் சிலர் சொல்லியிருப்பார்கள். சடங்கா, குழந்தைக்குக் கிடைக்கும் அன்பும் பாதுகாப்புமா, எது முக்கியம் என்று கேட்பதுதானே அவர் பேசும் பகுத்தறிவு?

சண்டையாகக் கேட்காதீர்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் பங்கு பெறுபவர் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது. உங்கள் உயிலில் அப்பாவுக்கு எதுவும் எழுதவில்லை என்றால், கையெழுத்துப் போட அவரையே கூட்டி வாருங்கள்.