ஏற்றத்தாழ்வை அளக்கும் படிப்புக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

வணக்கம் சார். பி.காம். வேண்டாம், நாட்டின் வருமான ஏற்றத்தாழ்வை ஆராயும் படிப்புதான் வேண்டும் என்று உங்கள் மகள் பிடிவாதமாக நிற்கிறார். இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். முதலில் ஒரு சின்னக் கணக்கு. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தெருவில் ஐந்து வீடுகள். மாத வருமானம் 5,000, 10,000, 15,000, 20,000, 50,000 ரூபாய். இத்தாலியர் கொராடோ ஜினி 1912ல் தந்த அளவுகோலில் இது 0.4. எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0; ஒரே ஆளிடம் குவியக் குவிய 1ஐ நெருங்கும். சரி, சர்வே எடுக்கப் போனவருக்கு அந்த 50,000 ரூபாய் வீட்டில் கேட்டையே திறக்கவில்லை. மீதி நான்கு வீடுகளை வைத்துப் போட்டால் 0.25! தெருவில் யார் வருமானமும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

நாட்டுக் கணக்கிலும் இதே தலைவலிதான். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு சர்வேயில் ஜினி எண் கிராமத்தில் 0.266, நகரத்தில் 0.314. அடுத்த ஆண்டே 0.237, 0.284. ஏற்றத்தாழ்வு குறைகிறது போலத்தான் தெரியும். ஆனால் வருமான வரிப் புள்ளிவிவரத்தையும் சேர்த்து பிரெஞ்சுப் பொருளாதார வல்லுநர் தாமஸ் பிக்கெட்டி குழுவினர் போட்ட கணக்கில், அதே 2022-23ல் உச்சியில் உள்ள 1 சதவீதம் பேருக்கு மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் போகிறது. 1922ல் தொடங்கும் அந்த வரிசையிலேயே இதுதான் உச்சம்.

இதில் எது பொய்? இரண்டும் பொய்யில்லை. முதலாவது செலவை அளக்கிறது. பத்து மடங்கு சம்பாதிப்பவர் பத்து மடங்கு இட்லி சாப்பிடுவதில்லை. மிச்சம் மனைக்கும் பங்குச் சந்தைக்கும் போய்விடும். இரண்டாவது வருமானத்தை அளக்கிறது, ஆனால் நம் நாட்டில் வரி கட்டுபவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு அனுமானங்களைக் கலந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கல். 1999-2000 சர்வேயில் ஒரே குடும்பத்திடம் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைப் பாதித்தது. முந்தைய சர்வேக்களோடு அதை ஒப்பிடலாமா என்று பொருளாதார வல்லுநர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2022-23ல் ஒரு தடவை போவதற்குப் பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தடவை போனார்கள். அதனால் முந்தைய 2011-12 சர்வே எண்ணோடு அதை நேராகப் பக்கத்தில் வைக்க முடியாது.

இந்த இடத்தில் மகள் “அப்படியென்றால் எப்படித்தான் ஒப்பிடுவது?” என்று கேட்டால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். கொட்டாவி விட்டால், அவருக்குப் பிடித்தது சமத்துவம், அளவீடு இல்லை. அதற்குச் சட்டமோ இதழியலோ பொருத்தம்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி, எஸ்.எஸ்.சி. தேர்வு வழியே புள்ளியியல் இளநிலை அதிகாரி, ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் துறை என்று அரசிலேயே வழி உண்டு. ஒரு எச்சரிக்கை: புள்ளியியல் ஒரு பாடமாகக்கூட இல்லாத பி.ஏ. பொருளாதாரத்தோடு நின்றுவிட்டால் முதல் கதவு மூடிவிடும். இந்தியப் பொருளாதாரப் பணிக்கோ முதுகலை வேண்டும். என்னைக் கேட்டால், பி.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு முதுகலையில் பொருளாதாரத்துக்கு மாறுவது நல்லது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். (புள்ளியியல் இளங்கலைப் படிப்பு) நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்க்கட்டும். கடினம்தான், எழுதுவதில் நஷ்டமில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: பிளஸ் டூவில் அவர் எந்த குரூப்? மேத்ஸ் இல்லையென்றால் மேலே சொன்னதில் பாதியை அடித்துவிட்டு வேறு திட்டம் போட வேண்டியிருக்கும். அதை மட்டும் உடனே சொல்லுங்கள்.