மலிவான ஷண்டிங் எஞ்சினை மாற்றியமைத்தலும் மறுவண்ணமும்: கேள்வி பதில்

பிரிட்டனில் விற்கப்படும் தொடக்கநிலை மாதிரி ரயில் தொகுப்பின் அட்டைப்பெட்டியைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரு நான்கு சக்கர ஷண்டிங் எஞ்சின், அதாவது யார்டில் வண்டிகளைத் தள்ளி இழுத்து வரிசைப்படுத்தும் சிறிய எஞ்சின், இருக்கும். ஹார்ன்பி நிறுவனத்தின் ‘ஸ்மோக்கி ஜோ’, ‘ஹோல்டன் 101’, சிறிய டீசல் ஷண்டர் ஆகியவை பல ஆண்டுகளாகப் பல வண்ணங்களில் வந்துகொண்டிருப்பதால், பயன்படுத்திய நிலையில் மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றை மாற்றியமைப்பது குறித்து வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதிலளித்திருக்கிறேன். பேசப்படுவது அனைத்தும் ஓஓ அளவைப் பற்றியது; அதாவது 1:76 விகிதம், 16.5 மி.மீ. பாதை.

கேள்வி: பழைய ஸ்மோக்கி ஜோ ஒன்று வாங்கியிருக்கிறேன். முதலில் வண்ணத்தில் கைவைப்பதா, இயந்திரத்தில் கைவைப்பதா?

இயந்திரத்தில். வண்ணம் பூசிய பிறகு மோட்டாரைச் சரிசெய்ய உடலைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தால், விரல்பட்டு விளிம்புகளில் பெயின்ட் உரிந்துவிடும். உடலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடிச்சட்டத்தை மட்டும் பாதையில் ஓட்டிப் பாருங்கள். சக்கரங்களில் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டால், பாதிப் பழைய எஞ்சின்களின் நோய் அங்கேயே தீர்ந்துவிடும். அதன் பிறகும் திணறினால், சக்கரத்தின் பின்பக்கத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் செம்புத் தகடுகள் உண்மையிலேயே சக்கரத்தைத் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: என் எஞ்சின் நின்ற இடத்திலிருந்து அம்புபோலப் பாய்கிறது. மெதுவாக ஓட வைக்க முடியாதா?

இது இந்த எஞ்சின்களின் பிறவிக்குணம். குழந்தைகள் வேகத்தைத்தான் விரும்புவார்கள் என்று கருதிப் பல்சக்கர விகிதம் அமைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பிரிட்டிஷ் ரயில்வேயின் 08 வகை டீசல் ஷண்டர்களில் பெரும்பாலானவற்றின் உச்ச வேகமே மணிக்கு 15 மைல்தான். அதை 1:76 விகிதத்தில் சுருக்கினால், ஒரு மீட்டர் பாதையைக் கடக்க ஏறக்குறைய 11 வினாடி ஆக வேண்டும். வேகனைத் தள்ளிச் சேர்க்கும்போது நிஜ எஞ்சின் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் நகரும். அதற்கு அதே ஒரு மீட்டருக்கு 40 வினாடிக்கு மேல் பிடிக்கும். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் எஞ்சினை அளந்து பாருங்கள்.

தீர்வு இரண்டு வழிகளில் உண்டு. சாதாரண நேர்மின்சார முறையில் ஓட்டுகிறவர்கள், பெட்டியோடு வரும் கட்டுப்பாட்டுக் கருவியை ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தை விட்டுவிட்டுச் சிறு துடிப்புகளாகத் தரும் நல்ல கருவி ஒன்றை வாங்கலாம். டிசிசி முறையில், அதாவது பாதை வழியே எண்முறைக் கட்டளை அனுப்பி ஓட்டுகிறவர்கள், அந்தக் கட்டளையைப் புரிந்து மோட்டாரை இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்பலகையில், மோட்டாரின் சுமையை உணர்ந்து ஈடுகொடுக்கும் வகையைப் பொருத்தி, அதன் சிவி 5 என்ற எண்ணுள்ள அமைப்பில் உச்ச மின்னழுத்தத்தைக் குறைத்து, சிவி 2 இல் தொடக்க மின்னழுத்தத்தை நுணுக்கமாகச் சரிசெய்யலாம். பொருத்துவதற்கு முன் மோட்டாரின் இரு முனைகளும் அடிச்சட்டத்திலிருந்தும் சக்கரங்களிலிருந்தும் முற்றிலும் துண்டிக்கப்பட்டிருப்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் டிகோடர் முதல் நொடியிலேயே போய்விடும். எஞ்சினைவிட டிகோடருக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நேர்ப்பாதையில் நன்றாக ஓடும் எஞ்சின், பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட் வந்ததும் நின்றுவிடுகிறது. விரலால் தள்ளித் தள்ளி அலுத்துவிட்டது.

பாயின்டின் நடுவில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம் பிளாஸ்டிக்கில் இருந்தால் அங்கே மின்சாரம் கிடையாது. நீண்ட எஞ்சின் தன் மற்றச் சக்கரங்களால் சமாளித்துக்கொள்ளும். நான்கே சக்கரம் உள்ள குட்டை எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. குறுக்கிடும் இடமும் உலோகமாக இருந்து மின்சாரம் பெறும் பாயின்ட்களுக்கு மாறுவது ஒரு வழி. டிசிசியில் ஓட்டுகிறவர்கள், தடைபடும் நொடிகளைத் தாங்கும் மின்தேக்கி ஒன்றை டிகோடரோடு சேர்க்கலாம். ஆனால் ஸ்மோக்கி ஜோவின் உடலுக்குள் அதற்கு இடம் தேடுவது பெரும்பாடு.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சிறிய வேகனை நிரந்தரமாக இணைத்து, அதன் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுத்து, மெல்லிய இரு கம்பிகள் வழியாக மோட்டாருக்கு அனுப்புங்கள். மின்சாரம் தொடும் இடங்கள் இரு மடங்காகிவிடும். இது பொம்மைத்தனமாகத் தெரியுமோ என்று தயங்க வேண்டாம், நிஜ ரயில்வேயிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ் ரயில்வேயின் சிறிய ‘பக்’ வகை நீராவி எஞ்சின்களில் நிலக்கரி வைக்க இடம் போதாமையால், அவற்றில் பல, மரத்தாலான நான்கு சக்கர வண்டி ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டே திரிந்தன. பின்னாளில் பிரிட்டிஷ் ரயில்வேயின் 03 வகை டீசல் ஷண்டர்களுக்கு வேறொரு சிக்கல் வந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று சிக்னல் அறைக்குத் தெரிவிக்கும் தண்டவாள மின்சுற்றை அந்தக் குட்டை எஞ்சின்களால் நம்பகமாக இயக்க முடியவில்லை. அதனால் அவற்றோடு துணை வேகன் ஒன்றை இணைத்து ஓட்டினார்கள். தண்டவாளத்தோடு போதிய மின்தொடர்பு இல்லாத குட்டை எஞ்சினுக்குத் துணை வேகன் கட்டுவது என்ற அதே மருந்தைத்தான் நாமும் கொடுக்கிறோம்.

கேள்வி: எடை கூட்டினால் இழுவை கூடும் என்கிறார்கள். எதை வைப்பது?

ஈயத் தகடு எளிது. கையாண்ட பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். ஸ்மோக்கி ஜோ போல, கொதிகலன்மேல் சேணம்போல நீர்த்தொட்டி அமைந்த எஞ்சின்களில் தொட்டியின் உட்பக்கம் வசதியான இடம். எடையின் நடுப்புள்ளி இரு அச்சுகளுக்கும் இடையே விழ வேண்டும். பின்பக்கம் கனத்தால் முன்சக்கரங்கள் தண்டவாளத்தை நோகாமல் தடவிக்கொண்டு போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஈயக் குண்டுகளை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை ஊற்றி அடைக்காதீர்கள். அந்தப் பசையிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் ஈயத்தைத் தின்று வெள்ளை உப்பாக மாற்றும். அந்த உப்பு ஈயத்தைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். சில ஆண்டுகளில் எஞ்சினின் உடல் உள்ளிருந்து பருத்து, ஒட்டு விட்டு, வெடித்துவிடும். அரால்டைட் போன்ற எப்பாக்சி பசையே இதற்கு ஏற்றது.

கேள்வி: பழைய பெயின்டை எதால் எடுப்பது? கடையில் தின்னர் இருக்கிறது.

அந்தத் தின்னர் பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள். வன்பொருள் கடைகளில் விற்கும் என்.சி. தின்னர் பெயின்டோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். அடர்த்தியான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உடலைச் சில மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஆலைப் பெயின்ட் பெரும்பாலும் வந்துவிடும். முதலில் உட்பக்கத்தின் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். சன்னல் கண்ணாடித் துண்டுகளை முன்பே கழற்றிவிடுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து விலகி வேலை செய்யுங்கள்.

பல சமயங்களில் முழுவதும் உரிக்கவே தேவையில்லை. எழுத்துகளின் மேடு தெரியாதபடி 2000 எண் நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, உலர்ந்ததும் பிரைமர் அடித்தால் போதும்.

கேள்வி: உடலோடு சேர்த்து வார்க்கப்பட்ட கைப்பிடிக் கம்பிகளை நீக்கித் தனிக் கம்பி வைப்பது எப்படி?

இந்த ஒரு மாற்றம் போல எஞ்சினின் தோற்றத்தை உயர்த்துவது வேறில்லை. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கம்பியின் இரு நுனிகள் இருக்கும் இடங்களை, நீக்குவதற்கு முன்பே, ஊசியால் குத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேடினால் கிடைக்காது. கம்பியின் இருபுறமும் மறைப்பு நாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். வளைந்த முனையுள்ள கத்தி அலகைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல், உங்களை நோக்கிச் சுரண்டுங்கள். மெல்லிய சுருள்களாகப் பிளாஸ்டிக் வரும். நாடாவின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, நாடாவை எடுத்துவிட்டு, சிறு குச்சியில் ஒட்டிய நீர்த்தாளால் மீதியைச் சமன் செய்யுங்கள். கொதிகலனின் வளைவில் தட்டையான இடம் விழுந்துவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு அது கண்ணைக் குத்தும், அவசரம் வேண்டாம்.

குறித்த இடங்களில் கைத்துளைப்பானால் 0.5 மி.மீ. துளையிட்டு, 0.45 மி.மீ. பித்தளைக் கம்பியை ப வடிவில் மடித்துச் செருகுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே ஓர் அட்டைத் துண்டை வைத்து அழுத்தினால் இடைவெளி முழு நீளத்துக்கும் ஒரே சீராக அமையும். ஃபெவிக்விக் வகைப் பசையை உட்பக்கத்திலிருந்து ஊசிமுனையால் ஒரு துளி வையுங்கள். அந்தப் பசையின் ஆவி கண்ணாடித் துண்டுகளை வெளுக்கச் செய்யும் என்பதால், சன்னல்களைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் வண்ணம் பூசினால் வரலாற்றுப்படி சரியாக இருக்கும்?

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. ஸ்மோக்கி ஜோ, கலிடோனியன் ரயில்வே 1885 முதல் கட்டிய பக் எஞ்சின்களின் மாதிரி. அதன்மேல் உள்ள 56025 பிரிட்டிஷ் ரயில்வே காலத்து எண். கறுப்பே அதற்குப் பொருத்தம். ஹோல்டன் 101 இன் கதை வேடிக்கையானது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1902 இல் ஸ்விண்டனில் எண்ணெய் எரித்து ஓடும் சோதனைக்காக ஒரே ஓர் எஞ்சினைக் கட்டியது. அந்த ஒற்றை எஞ்சினுக்கு மாதிரி உலகில் எத்தனை நிறுவனங்களின் சட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணினால் சிரிப்பு வரும்.

ஆகவே என் பரிந்துரை, பெரிய ரயில் நிறுவனங்களை விட்டுவிட்டுத் தொழிற்சாலை எஞ்சினாக மாற்றுவதுதான். சுரங்கம், துறைமுகம், எரிவாயு ஆலை, மதுவடிப்பாலை என ஒவ்வொன்றும் தன் எஞ்சினுக்குத் தான் விரும்பிய வண்ணத்தைப் பூசிக்கொண்டது. சக்கரங்களை இணைக்கும் கம்பிகளுக்குச் சிவப்புப் பூசுவதும் அங்கே பரவலாக இருந்தது. முன்பக்கத்து உருண்டை பஃபர்களை (மோதலைத் தாங்கும் முட்டுகள்) வெட்டிவிட்டு, சதுர மரக்கட்டை போன்ற பஃபர்களைப் பிளாஸ்டிக் பட்டையில் செய்து ஒட்டினாலே பாதி மாற்றம் முடிந்துவிடும்.

கேள்வி: டீசல் ஷண்டரின் முகப்பில் மஞ்சள் கறுப்புச் சாய்பட்டை போட முயன்றேன். கோடு கசிந்துவிடுகிறது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். வெள்ளை அடிப்பூச்சின்மேல் மஞ்சளை மெல்லிய பல பூச்சுகளாக முதலில் அடியுங்கள். சாம்பல் பிரைமர்மேல் நேராக அடித்தால் மஞ்சள் பச்சையோடிப்போகும். நன்றாகக் காய்ந்தபின், கண்ணாடித் தட்டின்மேல் ஒரே அகலத்தில் வெட்டிய மறைப்பு நாடாக்களை 45 பாகைச் சாய்வில் ஒட்டுங்கள். இப்போது கறுப்பை அடிக்காமல், மறுபடியும் மஞ்சளையே ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். நாடாவின் அடியில் கசிய வேண்டியது மஞ்சளாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதற்குமேல் கறுப்பை அடித்து, முழுவதும் இறுகுமுன் நாடாவைத் தன்மேலேயே மடித்து உரித்தால் கோடு கத்திபோல நிற்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு, நீரில் நனைத்து ஒட்டும் ஒட்டுப்படமாகவே பட்டை விற்கிறது. அதில் குற்றமொன்றும் இல்லை.

கேள்வி: காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாமல் முடியுமா?

முடியும். தட்டையான மென்தூரிகையால், நீர்த்த அக்ரிலிக்கை மூன்று நான்கு பூச்சாக அடியுங்கள். காயத் தொடங்கிய இடத்துக்குத் தூரிகையை மீண்டும் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கடைசியில் அடித்த மங்கல் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஒட்டுப்படத்தைச் சுற்றியும் வெள்ளி நிறம் தெரிகிறது.

இரண்டும் வேறு வேறு குறைகள். முதலாவது ஈரப்பதத்தால் வருவது. மழை நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள். மற்ற நாள்களிலும் டப்பாவை நன்றாகக் குலுக்கிய பிறகே அடியுங்கள். இரண்டாவது, மங்கலான சொரசொரப்புப் பரப்பின்மேல் ஒட்டுப்படம் வைத்ததால் அடியில் சிக்கிய காற்று. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் மைக்ரோ சோல் போன்ற மென்மையாக்கும் திரவத்தோடு ஒட்டுப்படம், அது காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் என்ற வரிசை மாறக்கூடாது. இப்போதே வெள்ளி தெரிந்தால், படத்தை ஊசியால் சில இடங்களில் குத்தி அதே திரவத்தைத் தடவிப் பாருங்கள்; ஓரளவு அடங்கும்.

கேள்வி: இதையே இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டராக மாற்றலாமா?

நான்கு சக்கர அடிச்சட்டத்தில் முடியாது. சித்தரஞ்சனில் கட்டப்பட்ட அந்த எஞ்சினுக்கு இணைப்புக் கம்பியோடு ஆறு சக்கரங்கள். மேலும் நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; 1:87 விகிதத்தில்கூட அது 19 மி.மீ.க்கு மேல் வரும். 16.5 மி.மீ. பாதையில் ஓடுவதை ஏற்றுக்கொண்டால், 1:87 அளவில் ஓர் ஆறு சக்கர ஷண்டரின் அடிச்சட்டத்தை வாங்கி, உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்டுங்கள். அது வேறு வகை வேலை, ஆனால் நல்ல வேலை.

கேள்வி: உழைத்துப் பழசான தோற்றம் வர எஞ்சினுக்கு அழுக்கேற்றுவதில் எங்கே நிறுத்துவது?

நிஜப் புகைப்படம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்தக் கேள்வியே எழாது. ஷண்டரின் கீழ்ப்பகுதியில் பிரேக் தூசியும் எண்ணெயும் கலந்த பழுப்பு, மேலே புகைக்கரி, ஓட்டுநர் ஏறும் படியில் கால்பட்டுத் தேய்ந்த உலோகம் என்று ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் சொல்ல முடியாத இடத்தில் அழுக்கு நிறம் தரும் வண்ணப் பொடியைத் தூவாதீர்கள். பொடியின்மேல் வார்னிஷ் அடித்தால் அதன் நிறம் பெருமளவு மங்கிவிடும் என்பதால் சற்றே தூக்கலாகத் தூவலாம். சக்கரத்தின் ஓடுபரப்பிலும் மின்சாரம் எடுக்கும் தகடுகளிலும் மட்டும் எதுவும் படக்கூடாது. வேலை முடிந்ததும் அவற்றை மறுபடி ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அச்சு முனைகளில் ஊசியால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் வைத்து ஓட்டுங்கள்.