குழந்தை உடை ஏற்றுமதி: மகளை நம்பிச் சேர்க்கலாமா?

மகள் திருப்பூரில் ஃபேஷன் டெக்னாலஜி படிக்க ஆசைப்படுகிறாள், ‘பனியன் கம்பெனி வேலைக்கு எதற்கு இவ்வளவு செலவு’ என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். படிக்க வையுங்கள் அம்மா. ஆனால் டிசைனர் ஆகிவிடுவாள் என்ற நினைப்பில் வேண்டாம். டிசைன் பெரும்பாலும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையரிடமிருந்தே டெக் பேக்காக, அதாவது அளவும் தையல் விவரமும் அடங்கிய குறிப்பாக, வந்துவிடுகிறது. இங்கே ஆள் தேவைப்படுவது மெர்ச்சண்டைசிங் (ஆர்டரை சாம்பிள் முதல் ஷிப்மெண்ட் வரை நடத்துவது), தரக் கட்டுப்பாடு, டெஸ்டிங் வேலைகளுக்கு. அதிலும் குழந்தை உடையின் சட்டதிட்டம் தெரிந்தவர்கள் குறைவு.

பெரியவர் சட்டையில் பட்டன் கழன்றால் புகாரோடு போகும். கைக்குழந்தையின் ரோம்பரில் (மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை) கழன்றால் தொண்டையில் சிக்கும். விற்ற சரக்கையே திரும்ப எடுக்க வேண்டிவரும். அமெரிக்காவின் 2008 சட்டப்படி, 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருளில் ஈயம் 100 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டக் கூடாது. பெயிண்ட் பூச்சில் 90. சாயமிட்ட வெறும் துணிக்கு இந்த ஈயச் சோதனை தேவையில்லை. சோதனையில் மாட்டுவது பிரிண்ட்டும் ஸ்நாப் பட்டனும் ஜிப்பும்தான். ஹூடிலும் கழுத்திலும் இழுகயிறு வைப்பதை அமெரிக்கா 2டி (2 வயதுச் சைஸ்) முதல் 12 சைஸ் வரை ஏற்பதில்லை. ஐரோப்பியத் தரவிதி 7 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. பெரியவர் ஸ்டைலைச் சின்ன சைஸுக்கு இறக்கும்போது கயிறும் கூடவே வந்துவிடும். சாம்பிள் கட்டத்திலேயே மெர்ச்சண்டைசர் அதைப் பிடிக்காவிட்டால், கயிறு நுழைக்கும் ஐலெட் ஓட்டை போட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஸ்நாப் பட்டனும் தனிப் பாடம்தான். 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) எடையுள்ள சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணியில் நேரடியாக அடித்தால், துணி கிழிந்து பட்டன் கையோடு வரும். அடியில் ஃபியூசிங்கோ (ஒட்டுத்துணி) ரிப் துணி மடிப்போ கொடுக்க வேண்டும். பல பையர்கள் 90 நியூட்டன் இழுவையை 10 விநாடி தாங்க வேண்டும் என்பார்கள். மெஷின் அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்காது, ஆகவே ஷிஃப்ட் நடுவிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்டுவார்கள். முனை கிடைக்காவிட்டால் அந்த பண்டில் (துணிக்கட்டு) தையல் லைனைவிட்டு நகராது.

கணக்கு வருமா என்று இப்போதே பாருங்கள். 2 வயது டி-ஷர்ட்டுக்கு உடல் நீளம், கை நீளம், தையல் விடுப்பு சேர்த்து 60 செ.மீ.; அரை மார்பு அகலம் விடுப்போடு 32 செ.மீ. முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு: 60 × 32 × 2 × 160 ஜிஎஸ்எம் ÷ 10,000 = சுமார் 61 கிராம். 10 சதவீதக் கழிவு சேர்த்தால் 68. இதில் 5 கிராம் தப்பினால் 10,000 பீஸுக்கு 50 கிலோ துணி குறையும். அந்த 50 கிலோவைத் தனியாக டையிங் (சாயம்) போட்டால் முதல் துணியின் நிறத்தோடு ஷேடு ஒட்டாது. கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

டாக்குமெண்டேஷன் பக்கம் போனாலும் இதே கவனம் வேண்டும். 86 செ.மீ. உயரம் வரையிலான குழந்தைக்குரிய பின்னலாடை 6111 என்ற சுங்கத் தலைப்பில் வரும். அதற்கு மேற்பட்ட டி-ஷர்ட் 6109. ஒரே ஆர்டரில் இரண்டு சைஸும் இருந்தால் இன்வாய்ஸில் பிரித்தே காட்ட வேண்டும்.

கல்லூரிக்கு, திருப்பூரில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது, கோவையில் பிஎஸ்ஜி டெக் இருக்கிறது. பெயரைவிட லேபைப் போய்ப் பாருங்கள்: ஜிஎஸ்எம் கட்டரும் பட்டன் இழுவைக் கருவியும் மாணவர்கள் கையில் புழங்குகின்றனவா, கண்ணாடி அலமாரியில் தூங்குகின்றனவா? பி.டெக்.குக்குக் கணிதம் வேண்டும், இல்லையென்றால் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் வழி இருக்கிறது.

வேலையில் சேரும்போது, கம்பெனியின் பையர்கள் எந்தெந்த நாட்டில் என்று கேட்கச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்தவர்களுக்குத்தான் அடி பலம். ஷிப்மெண்ட் வாரத்தில் இரவு நேரமாகும். கம்பெனி வண்டி வீடு வரை வருமா என்பதை நீங்களே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.