கௌரவமா, யாருக்கு?

கேள்வி: தாவரவியலாளர்களின் குடும்பப் பெயரைக் கௌரவமாகச் செடிகளுக்குச் சூட்டுவார்களாமே? பலரும் கேள்விப்படாத ஒரு பெயர் சொல்லுங்கள். டேலியா, மக்னோலியா வேண்டாம்.

பதில்: டேலியாவையும் மக்னோலியாவையும் நீங்களே விலக்கிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் ‘கௌரவமாக’ என்று ஒரு சொல் போட்டீர்களே, அங்கேதான் உறுத்துகிறது. எல்லாப் பெயரும் மாலை மரியாதையோடு வந்தது என்று யார் சொன்னது?

நீங்கள் கேட்ட பெயர்: சிகெஸ்பெக்கியா. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு களை. துக்கடா மஞ்சள் பூ. பூவைச் சுற்றியுள்ள செதில்களில் பிசுபிசுவென்று சுரப்பி மயிர்கள். பக்கத்தில் போனால் துணியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

இதற்குத் தன் பெயரை இரவல் கொடுத்தவர் யோஹான் கேயார்க் சீகெஸ்பெக், 18ஆம் நூற்றாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த தாவரவியலாளர். பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் எத்தனை என்று எண்ணிச் செடிகளை வகை பிரித்தவர் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாள்களைக் கணவர்கள் என்றும் சூலகத்தை மனைவி என்றும் வர்ணித்து, சில பூக்களில் ஒரே படுக்கையில் ஒரு மனைவிக்கு இருபதுக்கும் மேல் கணவர்கள் என்று எழுதிவைத்தார். சீகெஸ்பெக் கொதித்துப்போனார். கடவுள் படைத்த தாவர உலகில் இப்படியொரு ஒழுக்கக்கேடு இருக்க முடியுமா என்று 1737இல் தாக்கி எழுதினார். லின்னேயஸின் நண்பர்கள் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார்கள். லின்னேயஸ் ஒரு களையைக் காட்டிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. விமர்சகர்களை வாரம் தவறாமல் சம்பாதிக்கும் எனக்கு இந்த வசதி இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. ஆளுக்கொரு களை ஒதுக்கினால்கூட, உலகில் உள்ள களைகள் போதுமா தெரியவில்லை. முள் உள்ளவற்றை இப்போதே தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

லின்னேயஸுக்கு இந்தக் குறும்பு கைவந்த கலை. கானாம்வாழைப் பூவைப் பாருங்கள். இரண்டு நீல இதழ்கள் எடுப்பாக நிற்கும், மூன்றாவது இருக்கிற இடம் தெரியாது. அந்தப் பேரினத்துக்குக் கொமெலினா என்ற பெயரை எடுத்துக்கொண்டு விளக்கமும் கொடுத்தார்: கொமெலின் என்ற டச்சுக் குடும்பத்தில் இரண்டு பேர் பெரிய தாவரவியலாளர்கள், மூன்றாமவர் எதையும் சாதிக்குமுன் இறந்துபோனார். செத்தவரையும் விடவில்லை, பாருங்கள்.

சரி, லின்னேயஸ் பெயர் மட்டும் என்னவாம்? அதுவும் செடியிலிருந்து வந்ததுதான். அவருடைய அப்பா நில்ஸ் இங்கெமார்சன், அதாவது இங்கெமாரின் மகன் நில்ஸ். ஸ்வீடனில் அதுவே போதுமானதாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் சேரும்போது குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். மரத்திலிருந்து வந்த அந்தப் பெயர் மகன் காலத்தில் திரும்பவும் செடிக்கே போனது. இரட்டை இரட்டையாக இளஞ்சிவப்பு மணி தொங்கும் ஒரு சின்னஞ்சிறு குளிர்நாட்டுக் கொடிக்கு லின்னேயா என்று பெயர். குரோனோவியஸ் என்ற நண்பர் வைத்தது. தாழ்வானது, அற்பமானது, யாரும் கவனிக்காதது என்று அந்தக் கொடியைத் தன்னோடு ஒப்பிட்டு எழுதினார் லின்னேயஸ். இவ்வளவு தன்னடக்கம் உள்ளவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓவியத்துக்கும் நின்றார்.

அப்புறம், எழுத்துப்பிழை பார்ப்பதையே தவமாகக் கொண்ட நம் நண்பர்களுக்கு ஒரு செய்தி. சீகெஸ்பெக்கில் நெடில், சிகெஸ்பெக்கியாவில் குறில் என்பதைக் கவனித்து இந்நேரம் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பீர்கள். பேனாவை மூடுங்கள். அந்த எழுத்தை விழுங்கியவர் லின்னேயஸ், நான் அல்ல. 1818இல் நட்டால் என்ற தாவரவியலாளரும் காஸ்பர் விஸ்டார் என்ற மருத்துவர் நினைவாக ஒரு கொடிக்குப் பெயர் வைத்து, அதை விஸ்டீரியா என்று எழுதினார். திருத்தப் பார்த்தவர்கள் தோற்றார்கள், விஸ்டீரியாவே நின்றது. முதலில் அச்சானதற்கு அந்தத் துறையில் அவ்வளவு மரியாதை. பத்திரிகைத் தொழிலிலும் இப்படி ஒரு சட்டம் இருந்தால் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இரவில் நிம்மதியாகத் தூங்குவார்.

இந்தப் பெயரை நீங்கள் வினாடி வினாவுக்காகக் கேட்டிருந்தால் குறில் போட்டே எழுதுங்கள். நெடில் போட்டால் கோபக்கார மனிதர் வந்துவிடுவார்.