ரக்பி ரசிகர்கள் எதிரணியைக் கள்ளக்களி (ஏமாற்று ஆட்டம்) என்றும் நடுவரை விலைபோனவர் என்றும் திட்டிக்கொள்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

நடுவர்கள் தவறியது பலமுறை உண்மை. அதை வைத்து அவர் காசு வாங்கிவிட்டார் என்பது வேறு பேச்சு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்கு ஆகாது.

எனக்கு ஊர் களியக்காவிளைக்குத் தெற்கே, கேரள எல்லையை ஒட்டிய கடற்கரை. இங்கே பந்து களி என்றால் கால்பந்துதான். ரக்பி எனக்குப் பழகியது துபாயில் வேலை பார்த்தபோது. அங்கே ஆண்டுதோறும் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி, நடக்கும். நான் நியூசிலாந்து பக்கம். கூடவே துபாயில் இருந்த அத்தான் தென்னாப்பிரிக்கா பக்கம்.

2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டிப் பேச்சு வந்தாலே வீட்டில் சத்தம்தான். தென்னாப்பிரிக்காவிடம் 12-11, ஒரே புள்ளியில் போயிற்று. எங்கள் கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. அவர்கள் கேப்டன் சியா கோலிசிக்கு மஞ்சளோடு முடிந்தது. எங்கள் ஆரோன் ஸ்மித் வைத்த டிரையை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி), அதற்கு வெகு முன்னால் நடந்த ஒரு நாக்-ஆனை, அதாவது பந்து கையிலிருந்து முன்னால் விழுந்த தப்பைக் காட்டி ரத்து செய்தார்கள். அவ்வளவு பின்னால் போய்ப் பார்க்க வீடியோ நடுவருக்கு அன்றைய விதியில் இடமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். “பந்து கையிலருந்து முன்னால விழுந்துச்சா இல்லியாடே?” என்பார் அத்தான். விழுந்தது, அதை எப்படி மறுக்க முடியும்? அப்புறம் அவர் எங்கள் பழைய கேப்டன் ரிச்சி மெக்காவுக்குத் தாவுவார்: ஆஃப்சைடில் நின்றே கப்பு வாங்கிய ஆள் என்பார்.

இந்தச் சண்டை ஓயாததற்குக் காரணம் ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டிக்கொள்ளும் இடத்தில், இருக்கிறது. ஒருவனைப் பிடித்துச் சாய்த்தவன் உடனே பிடியை விட்டு உருண்டு விலக வேண்டும். விழுந்தவன் பந்தை விட்டாக வேண்டும். உதவிக்கு வருகிறவர்கள் தங்கள் பக்கத்துப் பின்புறமிருந்து நுழைய வேண்டும், காலில் நிற்க வேண்டும். இத்தனையும் ஓரிரு நொடிக்குள், ஆள் மேல் ஆளாக விழுந்து கிடக்கும்போது நடக்கிறது. ஏறக்குறைய எல்லா ரக்கிலும் யாராவது ஏதாவது ஒன்றை மீறியிருப்பார்கள். ஆட்டத்தைப் பாதித்தது எது என்று நடுவர் ஒன்றைத்தான் பிடிக்கிறார். அவர் விட்டது எதிரணியின் தப்பு என்றால், நம் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும்.

திட்டமிட்ட ஏமாற்று நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009இல் இங்கிலாந்து கிளப்பான ஹார்லெக்வின்ஸின் வீரர் ஒருவர் போலி ரத்தக் குப்பியைக் கடித்து, காயம் என்று நடித்து வெளியே போனார். அவருக்குப் பதில் பந்தை உதைப்பதில் தேர்ந்த ஆள் உள்ளே வந்தார். விசாரணை நடந்தது, பயிற்சியாளருக்கு மூன்றாண்டு தடை. அதைக் கள்ளக்களி என்று தாராளமாகச் சொல்லலாம்.

இங்கிலாந்து நடுவர் வெய்ன் பார்ன்ஸுக்கு நடந்தது அநியாயம். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸின் டிரைக்கு முன் கையால் கொடுத்த பந்து விதியை மீறி முன்னோக்கிப் போனதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் 20-18 என்று தோற்றோம். தவறு தவறுதான், எனக்கும் வயிறு எரிந்தது. அதற்காக அந்த மனுஷனுக்கு நியூசிலாந்து ரசிகர்கள் கொலை மிரட்டல் விட்டார்கள். 2022இல் அவர் நடுவராக இருந்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா பிரான்ஸிடம் தோற்றபோது இன்னொரு சுற்று வசை, மிரட்டல்; அந்த முறை அவர் மனைவியையும் விடவில்லை. 2023 இறுதிக்கும் அவர்தான் நடுவர்; அதோடு ஓய்வு பெற்றார். அதே போட்டியின் வீடியோ நடுவர் டாம் ஃபோலி, வசையும் மிரட்டலும் தாங்காமல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகினார்.

எங்கள் கடற்கரை டூர்னமெண்டுகளிலும் விசில் பிடிக்க ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அம்மையையும் அப்பனையும் இழுத்துத் திட்டு வாங்க யார் வருவார்கள்? அதனால் அத்தானோடு எவ்வளவு கத்தினாலும் சாம் கேன் அட்டையையும் அந்த நாக்-ஆனையும்தான் பேசுவேன். 1995 உலகக் கோப்பை இறுதிக்கு முன் எங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாட்டில் விஷம் வைத்தார்கள் என்ற கதையை எடுக்கவே மாட்டேன்; வீரர்களுக்கு வயிறு கெட்டது நிஜம், யாரோ வைத்தார்கள் என்பது இதுவரை நிரூபணமாகவில்லை.